மூன்றடித் தண்ணீர்

தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே அவளுக்கு ஒரு கரை இருந்தது. அதற்கு மேலே இருப்பது அவள். அதற்குக் கீழே இருப்பதையும் அவள் என்றுதான் மற்றவர்கள் சொன்னார்கள். காலையில் அக்கா அவளைக் குளியலறை முக்காலியில் உட்காரவைத்துத் தோளில் தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீர் பிடரியில் சிலிர்ப்பாக விழுந்து, விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கி, அந்தக் கரையைத் தொட்டதும் நின்றுவிடும். உண்மையில் நிற்பதில்லை. தொடையில் வழிவதும் தரையில் சிதறுவதும் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். ஆனால் அது யாரோ ஒருத்தியின் தொடையில், யார் வீட்டுத் தரையிலோ நடப்பது போலிருக்கும்.

பதின்மூன்று வருடமாக இப்படித்தான். முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். கட்டியோடு கால்களும் போயின. இதைவிட நீளமாக அந்தக் கதையை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

பேருந்து நிலையத்தில் அவளுக்கு வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். ஊரில் அவள் முகத்தை அறிந்தவர்கள் குறைவு, குரலை அறியாதவர்கள் கிடையாது. 'மைக்கு' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. மைக்குக்கு உடம்பு கிடையாது பாருங்கள்.

இரண்டரை மணியிலிருந்து மூன்றே கால் வரை வண்டி எதுவும் இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் ஏரிக்குப் போய்விடுவாள். கூண்டை விட்டு அசையாமலேதான். நிலையத்தின் இரைச்சல் மெல்லத் தடித்து, மங்கி, காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல் ஆகும். கண்ணாடிக்கு வெளியே போகிற பயணிகளின் தலைகள் மேற்பரப்பில் மிதப்பவையாகத் தோன்றும். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே இறங்கும் வெயில், நீருக்கடியில் நீந்துகிறவளுக்கு மேலே தெரியுமே, அந்த ஆடுகிற வெளிச்சமாக மாறும். இருபத்தெட்டு வயது வரை அவள் தினமும் விடிந்ததும் ஏரியில் நீந்தியவள். ஊர் நடுவே ஏரி. இறங்க இருபத்திரண்டு படி. அந்தப் படிகளை அவள் பதின்மூன்று வருடமாக மேலே இருந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் நகராட்சிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. சக்கர நாற்காலிக்காரர்கள், பார்வை இல்லாதவர்கள், ஊன்றுகோல் பிடிப்பவர்கள் எல்லாரும் ஊரில் நடமாட வழி செய்வது என்று முடிவாயிற்று. இன்ஜினியர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். எங்கே நின்றாலும் அளவு நாடாவை இழுத்து எதையாவது அளந்துகொண்டே இருப்பார். பதினோரு பேரைத் தேடிப் போய்ப் பார்த்து ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். அவளிடம் கூண்டுக்கே வந்தார்.

எட்டுக் கேள்விகள். ஆறு கேள்விகளுக்கு அவள் மளமளவென்று எழுதித் தள்ளினாள். தபால் நிலையச் சரிவுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். நூலகத்தில் மேல் அடுக்குப் புத்தகங்களை எடுத்துத்தர ஆள் வேண்டும், அந்த ஆள் முறைக்காமல் இருக்க வேண்டும். பூங்கா வாசலில் இருக்கும் சுழல் கதவை எடுத்துவிடுங்கள், மாடு நுழையக் கூடாது என்றுதானே வைத்தீர்கள், நான் மாடு இல்லை. ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. 'ஏரிக்கரையில் உங்கள் தேவை என்ன?' எழுத இரண்டு கோடு இடம்.

அவள் எழுதினாள்: 'தண்ணீரைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும்.'

அந்த 'போதும்' எங்கிருந்து வந்தது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. மருத்துவமனையில் படுத்துக் கிடந்த மாதங்களில் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள். சின்னதாகக் கேட்டால் கொடுக்கிறவர் முகம் மலரும். பெரிதாகக் கேட்டால் அந்த முகம் தரையைப் பார்க்கும். ஜன்னலைத் திறக்கச் சொன்னால் ஓடி வருவார்கள். மறுபடி நடப்பேனா என்று கேட்டால் செருப்பைப் பார்ப்பார்கள். அதன்பிறகு அவள் தன் ஆசைகளை மற்றவர்கள் முகத்துக்கு அளவெடுத்துத் தைக்கப் பழகிவிட்டாள். நல்ல கைவேலை, தையல் வெளியே தெரியாது. நாளாக ஆக அவளுக்கே தெரியாமல் போயிற்று.

ஊர் மாறத் தொடங்கியது. நடைபாதை முனைகள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. ஒருநாள் அவள் தானாகத் தபால் நிலையத்துக்குள் போய் ஒரே ஒரு தபால்தலை வாங்கிவிட்டு, எழுத யாரும் இல்லாததால் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கடைசியாக ஏரிக்கரையில் வேலை ஆரம்பித்தது. கோடை முற்றி, ஏரி நடுவே சுருங்கி, கரையோரம் சேறும் வெடிப்புமாகக் கிடந்த நேரம்.

சனிக்கிழமை சாயங்காலம் இன்ஜினியர் அவளைப் புதுச் சரிவில் சக்கர நாற்காலியை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டார். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று அவளுக்கு வார்டில் வேலை இல்லை. அவளும் வந்தாள்.

"பன்னிரண்டுக்கு ஒண்ணு மேடம்," என்றார் அவர், சரிவின் தலைப்பில் நின்றுகொண்டு. "பன்னிரண்டு அடி போனா ஒரு அடி இறங்கும். நூல் பிடிச்ச மாதிரி. நீங்க பிரேக்கே பிடிக்க வேண்டாம்."

அவள் இறங்கினாள். படிகளை ஒட்டி, மூன்று திருப்பங்களாக, சரிவு மெத்தென்று கீழே போயிற்று. இருபத்திரண்டு படிகளும் பக்கவாட்டில் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே போனாள். இன்ஜினியர் கூடவே ஓடிவந்தார். குழந்தைக்கு நடை பழக்குகிறவர்போல் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார்.

கீழே ஒரு மேடை. ஏரிப் பக்க விளிம்பில் வரிசையாகக் கம்பிகள் நட்டிருந்தன. நான்கு மூலையிலும் தூணுக்குக் குழி.

"இங்க, உக்காந்தா மார்பளவுக்கு, சுவர் வரும். மேல கூரை. ஏரி நிறைஞ்சா தண்ணி சரியா இந்த விளிம்பு வரைக்கும் வந்து நிக்கும். நீங்க வெயில் படாம உக்காந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம்."

"எப்ப சுவர் எழுப்புறீங்க?" அக்காதான் கேட்டாள்.

வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி நிமிர்ந்தார். "செவ்வாய்க்கிழமை கான்கிரீட்டுங்க. இன்னும் ஒரு மாசத்துல மழை. மழை பிடிச்சிட்டா இங்க கால் வைக்க முடியாது. மிச்சம் மீதி எதுன்னாலும் அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் எங்க," என்றார் இன்ஜினியர். "ஃபைலை மூடினா மூடினதுதான். எப்படி இருக்கு மேடம்?"

அவள் கம்பிகளைப் பார்த்தாள். கம்பிகளுக்கு அப்பால், தூரத்தில், ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் மினுங்கியது.

"ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றாள் ஒலிபெருக்கிக் குரலில். "இது போதும்."

 வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அக்கா ஆரம்பித்தாள்.

"என்னடி மூஞ்சி அது?"

"மூஞ்சிக்கு என்ன?"

"வார்டுல சில பேஷண்ட் இருக்குங்க. ஊசி போடுறதுக்கு முன்னாடியே 'வலிக்கலை சிஸ்டர்'னு சொல்லும். அந்த மூஞ்சி. படிவத்துல என்ன எழுதின நீ?"

அவள் சொன்னாள்.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அழுத பிள்ளைக்குத்தான் பால்னு சொல்வாங்க. நீ பாலைப் பாத்தா போதும்னு எழுதிக் குடுத்திருக்க. உனக்குத் தண்ணிக்குள்ள இறங்கணும்தானே?"

"யார் சொன்னா?"

"நீதான். தூக்கத்துல கை ரெண்டும் துடுப்பு மாதிரி போகுது. பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா? எத்தனை தடவை எனக்கு மூக்குல அடி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்பாதியில் அது வேறு மாதிரி ஆகப் பார்த்தது. "அவர் நல்ல மனுஷன்க்கா. அளந்து அளந்து கட்டியிருக்கார். இப்பப் போய் இது இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"நீ சொல்லேன்."

"நான் ஏன் சொல்லணும்?" அக்கா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். "சாப்பாட்ட நான் போடுறேன், முதுகை நான் தேய்க்கிறேன். உன் ஆசையையும் நான்தான் படணுமாடி? அது ஒண்ணையாவது நீ பாத்துக்க."

அன்று இரவு அக்கா அதைப்பற்றி மறுபடி பேசவில்லை. ஞாயிறும் அப்படியே போயிற்று. வேறு எந்தத் திட்டைவிடவும் அந்த மௌனம்தான் அவளை அரித்தது. வேண்டும் என்று சொன்ன பிறகு கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்தாள். இத்தனை வருடம் ஏரி அவளுக்குக் கிடைக்கவில்லை என்பது ஊருக்குத் தெரியாது. அவள் கேட்கவே இல்லை என்பதால் அது தோல்வியாகவும் இல்லை, பத்திரமாக இருந்தது. அந்தப் பாதுகாப்பை உடைத்துக்கொண்டு வெறும் கையோடு நிற்பதா?

திங்கட்கிழமை இரண்டரை மணி. வழக்கமாக வரும் ஏரி அன்று வரவில்லை. இரைச்சல் இரைச்சலாகவே இருந்தது. அவள் மைக்கின் பொத்தானை அணைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு அதன் முன் குனிந்து சொல்லிப் பார்த்தாள்.

"எனக்குத் தண்ணிக்குள்ள இறங்கணும்."

ஊரையே நிற்கவும் ஓடவும் வைக்கிற குரல், பொத்தான் அணைந்ததும் எலிக்குஞ்சுக் குரலாகிவிட்டது. கூண்டின் கண்ணாடிவரை கூட அது போகவில்லை. இத்தனை நாள் பேசியது நானா இந்தக் கருவியா என்று அவளுக்கே சந்தேகமாயிற்று.

பக்கத்து மேசை டைம்கீப்பர் எட்டிப் பார்த்தார். "என்ன மைக்கு, உதடு அசையுது, சத்தத்தைக் காணோம். ஒயர் போச்சா?"

"ஒயர் நல்லாத்தான் இருக்கு. அண்ணே, மூணே கால் வண்டியையும் நாலு மணி வண்டியையும் நீங்க சொல்லிடுறீங்களா? நான் வெளிய போகணும்."

"நான் சொன்னா ஏறி உக்காந்தவங்களும் இறங்கி ஓடிடுவாங்களே. சரி, போ போ. முகம் சரியில்ல உனக்கு."

ஊர் மேடு பள்ளமாக இருப்பது நடக்கிறவர்களுக்குத் தெரியாது. மழைத்தண்ணீருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். பேருந்து நிலையத்திலிருந்து முடிதிருத்தும் கடைவரை லேசான ஏற்றம், அங்கிருந்து ஊர் முழுவதும் ஏரியைப் பார்த்துச் சாய்கிறது. வெயிலில் தெரு ஆளில்லாமல் கிடந்தது. முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் ஒரு பெண் உட்கார்ந்தபடியே மிதந்து போவதைப் பார்த்தாள். துணிக்கடை வாசலில் மட்டும் இன்னும் இரண்டு படி எடுக்காமல் பாக்கி. தையல்காரர் இயந்திரத்தின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கினார். புதிதாகத் தணித்த முனைகளில் சக்கரம் தடங்கலில்லாமல் இறங்கி ஏறியது. அவள் கையால் தள்ளவே இல்லை. தெருவே அவளை ஒரு வாய்க்காலாக இழுத்துக்கொண்டு போயிற்று. எங்கேயாவது ஒரு கல் தடுத்து நிறுத்தினால் திரும்பிவிடலாம் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டே வந்தது. கல் எதையும் இன்ஜினியர் விட்டுவைக்கவில்லை.

மேடையில் மேஸ்திரி கம்பிகளைக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி," என்றார் மேஸ்திரி. "நாளைக்கு மூடிடுவோம். திறந்தமேனிக்குப் பாக்கணும்னா இப்பவே பாத்துக்க."

"சார்," என்றாள் அவள். "படிவத்துல நான் எழுதினது தப்பு."

இன்ஜினியர் பதறி எழுந்தார். "எது மேடம்? சரிவு அதிகமா இருக்கா? மூணு தடவை அளந்தேனே."

"சரிவு சரியாத்தான் இருக்கு. நான் கேட்டதுதான் தப்பு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்குப் பாக்க வேண்டாம். உள்ள இறங்கணும்."

"எதுக்குள்ள?"

"தண்ணிக்குள்ள."

மேஸ்திரியின் கை கம்பியிலேயே நின்றுவிட்டது. அவள் இன்ஜினியர் முகத்தைப் பார்த்தாள். பதின்மூன்று வருட அனுபவம் பொய்க்கவில்லை, முகம் மெல்லத் தரையை நோக்கிக் குனிந்தது. 'பரவாயில்லை சார்' என்ற சொல் அவள் தொண்டையிலிருந்து கிளம்பிப் பல்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள். தாடை வலித்தது.

"நீங்க எழுதினதைத்தான் மேடம் நான் கட்டினேன்," என்றார் அவர். குரலில் அடிபட்ட தொனி. பையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். "உங்களோடது மட்டும் இல்ல. பதினோரு பேரு. இதோ, 'குழந்தைகள் குளிப்பதைப் பார்த்தால் போதும்.' இவங்க, 'காற்று வாங்கினால் போதும்.' இது 'தூரத்தில் இருந்து பார்த்தாலும் போதும்.' இவர் கண்ணு தெரியாதவர், பாக்கறேன்னு எழுத முடியல, 'சத்தம் கேட்டால் போதும்'னு சொல்லி எழுத வச்சிருக்கார்." தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். "பதினோரு பேருக்கும் போதும். எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் எதுவும் போதும்னு ஆனதே இல்ல."

மேஸ்திரி 'க்ளுக்'கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்ஜினியர் வரைபடத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "எவ்வளவு ஆழம் வேணும்?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. முடியாது என்பார், அல்லது பார்க்கலாம் என்பார். அதற்குத்தான் தயாராகி வந்திருந்தாள்.

"அளவு சொன்னாத்தானே எங்க நிறுத்துறதுன்னு தெரியும். முழங்கால் அளவு போதுமா? இடுப்பளவு?"

"இடுப்பளவு வந்தா எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னா?"

அக்காவுக்குத் தெரியும், ஒரு மருத்துவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் அவள் அந்தக் கரையைக் காட்டியதில்லை. இரண்டு ஆண்கள், நடுப்பகல், கம்பியும் சிமெண்டும் கிடக்கிற இடம். அவள் உள்ளங்கையை விரித்துத் தன் வயிற்றின்மேல், விலாவுக்குச் சற்றுக் கீழே, வைத்தாள்.

"இதுக்குக் கீழ எனக்கு எதுவும் தெரியாது. சூடு, குளிர், ஈரம் எதுவும். தண்ணி இதைத் தாண்டி ஏறணும். தாண்டினாத்தான் எனக்கு அது தண்ணி. இல்லைன்னா இதுவும் பாக்கறதுதான்."

மேஸ்திரி ஏரியின் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஜினியர் திரும்பவில்லை. அளவு நாடாவின் நுனியை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கித் தன் விலாவில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மறுமுனையைச் சக்கரத்தின் அடியில், தரையில் வைத்தார்.

"மூணு அடி," என்றார். எழுதினார். "ஒண்ணுக்குப் பன்னிரண்டு. முப்பத்தாறு அடி நீளம். ஏரிக்குள்ள."

"ரெண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய், அதையும் போட்டுக்கங்க," என்றார் மேஸ்திரி, முதுகைக் காட்டிக்கொண்டே. "சுவருக்கும் கூரைக்கும் வச்ச கம்பியும் சிமெண்டும் இதுக்குத் தாராளமாக் காணும் சார். இப்ப தரை காஞ்சு கிடக்கு. இப்ப விட்டா இல்ல."

"கூரை இல்லாம இங்க உக்காரறவங்க?"

"நல்ல மரமா ரெண்டு நட்டு விடுங்க. கூரை என்னிக்காவது காய் காய்க்குமா?"

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். ஒருத்தர் சொன்னதை வைத்துத் திட்டத்தை மாற்ற முடியாது, படிவத்தைத் திருத்தி எழுத வேண்டும், மற்ற பத்துப் பேரையும் மறுபடி கேட்க வேண்டும், அதுவும் வியாழனுக்குள் என்றார். செவ்வாய்க்கிழமை கான்கிரீட்டைத் தன் பொறுப்பில் நிறுத்திவைப்பதாகவும் சொன்னார்.

"நானும் வரேன் சார்," என்றாள் அவள். "நீங்க கேட்டா மறுபடியும் போதும்னுதான் சொல்வாங்க."

இரண்டு நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவளே முதலில் சொன்னாள், கையை வைத்துக் காட்டி. முதல் வீட்டில் குரல் நடுங்கியது. ஐந்தாவது வீட்டில் மூன்றே கால் வண்டியை அறிவிப்பதுபோல் சொன்னாள். சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவரிடம் ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், அதனால் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஊன்றுகோல் ஊன்றும் ஆசிரியை, தனக்கு நீச்சல் தெரியாது, ஆனால் கழுத்தளவு நின்று பார்க்க வேண்டும் என்று கிசுகிசுத்தார், ஏதோ காதல் ரகசியம்போல. பார்வை இல்லாதவர், "கைப்பிடியில ஒரு கயித்தைக் கட்டி விடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன். ஏரிக்குள்ள என்ன லாரியா வரப்போகுது?" என்றார். காற்று வாங்கினால் போதும் என்று எழுதிய அம்மாள் மட்டும் மாறவில்லை. "எனக்கு நிஜமாவே வெறும் காத்துதான்மா வேணும். தண்ணில நனைஞ்சா தும்மல்." அதையும் இன்ஜினியர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நட்ட கம்பிகளை அறுத்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? காய்ந்த சேற்றுக்குள் முப்பத்தாறு அடிக்கு ஒரு பாதை போய், எங்கும் சேராமல் நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் துறுதுறுக்காது? ஏரிக்கு ரோடு போடுகிறார்கள், மீன்கள் இனிமேல் கடைக்கு நடந்தே வருமாம் என்றார்கள். டைம்கீப்பர் தினமும் அவளிடம், "ஏரி வண்டி எந்த மேடையில நிக்கும் மைக்கு?" என்று கேட்டுவைத்தார். மேஸ்திரி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழுக்காமல் இருக்க, ஈரக் கான்கிரீட்டின்மேல் துடைப்பத்தால் குறுக்கே குறுக்கே கோடு இழுத்தார். குழந்தைக்குத் தலை வாருவதுபோல் அவ்வளவு பொறுமை.

முடிந்த அன்று மாலை அவள் அதன் அடிவரை தனியாக இறங்கிப் போய் உட்கார்ந்தாள். இருபுறமும் இரும்புக் குழாய். எதிரே வெடித்த நிலம். மேடை அவளுக்குப் பின்னால், தோளுக்குச் சற்றுக் கீழான உயரத்தில் இருந்தது. அந்த உயரத்துக்குத் தண்ணீர் வரும். இப்போது அங்கே காற்று இருந்தது. அவள் கையை நீட்டி, தண்ணீராகப் போகிற காற்றில் மெதுவாக அளைந்தாள். முழங்காலைச் சுற்றிச் சிறு மீன்கள் வந்து முட்டின. மேலே, தலைக்குச் சற்று உயரத்தில், யாரோ குளிக்கிறவர்களின் சிரிப்பு வழுக்கிப் போயிற்று. இருட்டும்வரை அப்படியே இருந்தாள். நனையாமலே குளிர் எடுத்தது. கால்கள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் மழை பிடித்தது.

மழை பெய்த நாட்களில் அவள் அறிவிப்புகளுக்கு நடுவே மழையையும் கேட்டாள். தகரக் கூரையில் பெய்கிற மழை, தெருவில் ஓடுகிற மழை, அவள் வந்த வழியாகவே ஏரியைத் தேடிப் போகிற மழை. ஒவ்வொரு சாயங்காலமும் குடையை மடியில் விரித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். முதலில் பாதையின் நுனியில் ஒரு குட்டை. அடுத்த வாரம் நுனி காணாமல் போயிற்று. ஒவ்வொரு நாளும் ஒரு முழம், இரண்டு முழம் என்று பழுப்புத் தண்ணீர் பாதையில் ஏறி வந்தது. வெட்கப்படும் விருந்தாளிபோல் நின்று நின்று வந்தது. கேலி பேசியவர்கள் கரையில் நின்று, நேற்று இதுவரை, இன்று இதுவரை என்று கை காட்டிப் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நாலாவது வாரம் தண்ணீர் மேடை விளிம்பைத் தொட்டது. மண் அடங்கித் தெளிய இன்னும் பத்து நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வார்டிலிருந்து கழித்துப்போட்ட குளியல் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பிளாஸ்டிக், சக்கரம் வைத்தது, இடுப்பில் பட்டை கட்டுவது. மேஸ்திரி முன்னதாகவே இறங்கி, பாதை முடிகிற இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். இன்ஜினியர் மேடையில், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதை அளக்க என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அக்கா பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, அவள் குழாய்களைப் பற்றி இறங்கினாள். பாதங்கள் உள்ளே போயின. பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருட்கள்போல் இருந்தன. முழங்கால் போயிற்று. தொடை போயிற்று. ஒன்றும் இல்லை.

"குளிருதாடி?" என்றாள் அக்கா. கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னும் இல்ல."

இடுப்பு. உடுப்பு நனைந்து மேலே ஊதி எழுந்தது. ஒன்றும் இல்லை. அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் கோடு மேலே நகர்ந்திருந்தால்? குளியலறைத் தண்ணீர் வேறு, இது வேறு என்றால்? முப்பத்தாறு அடி இரும்பும் சிமெண்டும், பத்து வீட்டு வாசலும், ஊர்ச் சிரிப்பும், எல்லாம் ஒரு தப்பான அளவுக்காகவா? கை குழாயை இறுக்கியது. நாற்காலி நின்றது.

"ஏன் தங்கச்சி?" என்றார் மேஸ்திரி.

அவள் பதில் சொல்லாமல் கையைத் தளர்த்தினாள். இன்னும் மூன்றடி தூரம் சக்கரம் உருண்டது.

முதலில் அது ஒரு நூல். வயிற்றைச் சுற்றி யாரோ பனிக்கட்டியால் மெல்லிய கோடு இழுத்ததுபோல். கோடு மோதிரமாயிற்று, மோதிரம் பட்டையாயிற்று, பட்டை விலாவில் ஏறியது. அவள் கத்திவிட்டாள். வார்த்தை இல்லாத கத்தல். மைக்கும் இல்லை, ஒயரும் இல்லை. எதிர்க்கரைப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"வலிக்குதா? என்னடி? சொல்லித் தொலை!"

"ஐஸ்!" என்றாள் அவள், பல் கிட்டிக்க. "ஐஸ்க்கா! ஐயோ, எப்படிக் குளிருது!"

 பின்னால் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அவள் கையை நீருக்குள் விட்டுப் பட்டையின் கொக்கியைத் தேடினாள்.

"ஏய், அதை ஏன்டி கழட்டுற? கழட்டாத. அண்ணே, பிடிங்க அவள!"

மேஸ்திரி கையை நீட்டினார், ஆனால் பிடிக்கவில்லை. நாற்காலி அவளை விட்டது. கால்கள் தாமாகவே எழுந்து வந்தன, அவள் சொல்லாமலே. அவளுக்கு முன்னால் இரண்டு வெளிறிய பெருவிரல்கள் நீரைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தன. அவள் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் புரண்டாள். தோள்கள் யாரையும் கேட்கவில்லை. ஒரு வீச்சு, இரண்டு, மூன்று. குழாய்கள் முடிந்தன. பாதை முடிந்தது. அடியில் இருந்த பச்சை கருநீலமாயிற்று.

"மேடம்!" மேடையிலிருந்து இன்ஜினியர் இரண்டு கையையும் ஆட்டினார். "மேடம், ரொம்ப தூரம் போகாதீங்க! அதுக்கு அந்தப் பக்கம் நான் எதுவும் கட்டல!"

அவளுடைய காதுகள் தண்ணீருக்குள் இருந்தன.